கருத்து சொன்னவர்

வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள் கருத்துக் கேட்க வந்த பெண் அதிகாரி. சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவளை இப்படி ஒரு நாளாவது சிரிக்க வைத்திருப்பாரா மனுஷன்?

"மாற்றுத்திறனாளி உதவித்தொகையில சில மாற்றம் வரப்போகுது சார். அதான் வீடு வீடா கருத்து கேக்கறோம். தனியா வெளியே போக முடியுதா?"

"எங்க மேடம்! வாசப்படி தாண்டினா கூடவே ஒரு ஆள் வேணும்."

"இனிமே தொகையைக் கூட இருந்து பாத்துக்கறவங்க கையிலயே குடுத்துடலாம்னு ஒரு யோசனை. சம்மதமா?"

"தாராளமா!"

"பொறுப்பான மனுஷன் சார் நீங்க."

மறுபடியும் சிரிப்பு. அவர் குழைந்து குழைந்து பதில் சொல்வதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயைக் கொண்டுவந்து மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

"என்ன, பொறாமையா?" கணவர் கிசுகிசுத்தார்.

"ஆமா."

அதிகாரி படிவத்தையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தாள். "'கருத்து சொன்னவர்'னு இருக்கிற இடத்துல ஒரு கையெழுத்து சார்."

"அவர் போட்டா செல்லாது மேடம்," என்றாள் மனைவி. "கண்ணு தெரியாதது எனக்கு. உதவித்தொகையும் எனக்கு. பாத்துக்கறவர்தான் அவர்."

வளையல் சத்தம் நின்றது.

"பொறாமை உங்க மேல இல்லை மேடம், அவர் மேல. என்னைக் கேக்க வேண்டியதையெல்லாம் அவரைக் கேட்டீங்களே! முதல் கேள்விக்கு எழுதிக்குங்க: தனியாத்தான் போவேன். இந்த டீத்தூளைக் கடைக்குப் போய் வாங்கினதே நான்தான். ரெண்டாவதுக்கு, சம்மதமில்லை. அவர்கிட்ட இருக்கிற பேனாவை இப்படிக் குடுக்கச் சொல்லுங்க."