காணாமல் போகவேண்டிய கணக்கு

"ஒரு புத்தகம்கூட மிஞ்சக்கூடாது. புரியுதா?" என்றார் நெசவாளர் சங்கச் செயலாளர் வரதராஜன்.

பூட்டு திறப்பதில் பேர்போன சின்னசாமி தலையைச் சொறிந்தான். "பணப்பெட்டி வேணாம், பொடவை வேணாம், கணக்குப் பொஸ்தகம் மட்டும் போதுமா? எவ்ளோ சார் அமுக்கினீங்க?"

"அட நாசமாப் போறவனே! ஒரு இழை நூலைத் தொட்டிருப்பேனா?"

"ஆங்... ஆங்..." என்று சின்னசாமி கண்ணடித்தான். வரதராஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிஜமாகவே அவர் கை சுத்தம். வினையெல்லாம் எழுத்தில்தான். ஒரு சிட்டம் நூல் போனாலும் எழுது, வந்தாலும் எழுது என்பது விதி. எழுதினதை அழிக்க மட்டும் மேலிடத்து உத்தரவு வேண்டும். அதற்குக் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம். அந்த நூலெல்லாம் புடவையாகி, கிழிந்து, கரித்துணியாகியும் போய்விட்டது. கணக்கு மட்டும் அறை முழுக்கக் கூரையை முட்டிக்கொண்டு நின்றது!

புது நூல் மூட்டைகள் இடமில்லாமல் வாசலில் கிடந்தன. மழை வேறு மிரட்டியது. நூல் நனைந்தால் வரதராஜனுக்கு வேலை போய்விடும். புத்தகங்களைக் கொளுத்தினால் ஜெயில். திருடு போனால் யார் என்ன கேட்க முடியும்?

"பழைய பேப்பர் கடையில போட்டுத் தொலைக்காதே. வேர்க்கடலைப் பொட்டலமா என் மேஜைக்கே வந்துடும். எங்கயாவது பத்திரமா ஒளிச்சு வை."

"கவலைய வுடுங்க சார்."

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே மலைமேல் இருந்தது. சின்னசாமியும் கூட்டாளிகளும் மஞ்சள் வேட்டி கட்டி, புத்தகங்களை மஞ்சள் துணியில் மூட்டையாக்கி, காவடி மாதிரி தோளில் ஏற்றி, "அரோகரா!" என்று பட்டப்பகலில் நடந்தார்கள். போலீஸ்காரரே விசில் ஊதி வழிவிட்டார். மலைமேல் வரதராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா, மாட்டிவிட்டுடாதேப்பா!"

மறுநாள் காலை சங்கத்துக்கு வந்து, திறந்து கிடந்த பூட்டைப் பார்த்ததும், "ஐயோ, கொள்ளை போச்சே!" என்று கூப்பாடு போட்டார். கூட்டம் கூடிற்று. மனசுக்குள் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினார்.

கூரை வரைக்கும் புத்தகங்கள்!

ஒன்றை உருவிப் பார்த்தார். அட்டையில் 'பால் உற்பத்தியாளர் சங்கம்' என்று எழுதியிருந்தது. உள்ளே பக்கம் பக்கமாக எந்த மாடு எவ்வளவு கறந்தது என்ற விவரம்.

கூட்டத்தில் நின்ற சின்னசாமியை ஓரமாக இழுத்துப் போனார். "படுபாவி! என் புத்தகமெல்லாம் எங்கடா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, கொள்ளை போச்சே!" என்று எதிர்த் தெருவிலிருந்து பால் சங்கச் செயலாளர் சுந்தரமூர்த்தி அலறும் குரல் கேட்டது.

"அவரும் இதே வேலையத்தான் குடுத்தாரு சார்," என்றான் சின்னசாமி. "ஒங்க ரெண்டு பேரு ரூமையும் காலி பண்ணிட்டேன். அத்த வுட்டா இந்த ஊர்ல காலி ரூமு வேற எங்க சார் கீது?"