தெளியாத படலம்

“காலையில நல்லாத்தான் மாறிட்டு இருந்துச்சு சார். இப்ப தெளியவே மாட்டேங்குது. பாலிமர் கெட்டுப்போச்சு போலருக்கு,” என்றாள் பிரான்சி போனில்.

கரியமில வாயு பட்டால் அந்த வெள்ளைப் பாலிமர் படலம் கண்ணாடிபோல் தெளியும். விலகினால் மறுபடி வெளுக்கும். அவளுடைய நாலு வருட ஆராய்ச்சி.

“நீயே ஒருதரம் ஊதிப் பாரும்மா,” என்றார் பேராசிரியர்.

ஊதினாள். பளிச்சென்று தெளிந்தது. ஊதுவதை நிறுத்தியதும் வெளுத்தது.

“தெளியுது சார்.”

“அப்ப பாலிமர்ல கோளாறில்லை. கேஸ் சிலிண்டர் காலியாயிருக்கும், பாரு.”

பிரான்சி போனைக் கீழே வைத்தாள். பாலக்கரை வீட்டுக் கட்டிலில் கிடந்த அப்பாவின் மூக்கருகே படலத்தை மறுபடி பிடித்தாள். வெள்ளையாகவே இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: “அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துட்டு வரவா?”