பெட்டியில் வந்த வீட்டுக்காரர்

கோமதிநாயகத்துக்கு விமானம் என்றாலே கை கால் உதறும். கேட்டால், "பயமா? எனக்கா? காது அடைக்கும், அவ்வளவுதான்" என்பார். அதனால் பயந்தவர்களைத் தூங்கவைத்து, பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பும் வசதி வந்ததும், சென்னையிலிருந்து ஊர் திரும்ப முதல் ஆளாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பெட்டியெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று, மனைவி உலகம்மாள் அடையாளத்துக்குத் தன் பழைய சேலையைக் கிழித்துக் கைப்பிடியில் கட்டியிருந்தாள். ஆடித் தள்ளுபடியில் பாதி ஊர் எடுத்த சேலை அது என்பது, தூத்துக்குடியில் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து யாரோ ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். மிரள மிரள விழித்துத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, அவராகவே அடுக்களைக்குப் போய்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கைபேசி அடித்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரரு பெட்டி மாறி எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. காபி ஆறிப்போச்சுன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. இப்பவே மாத்திக்கிடுவமா?"

உலகம்மாள் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். அந்த மனிதர் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அவசரம்? ரெண்டு பேரும் பயந்த மனுசங்க. ரெண்டு நாள் இருந்து பயம் தெளியட்டுமே."