நடைவழியில் ஒரு நாற்காலி

அன்று வராந்தாவில் நடந்தது சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று நர்ஸுக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும். வார்டில் படுத்திருந்த தையல்காரம்மாவுக்கு நோய் போய்விட்டது, அசதி மட்டும் போகவில்லை. தலை வாரினாலே மூச்சு வாங்கியது. வராந்தாவின் கோடிவரை தானாக நடந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் உட்கார்ந்து இளைப்பாற, மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை நர்ஸ் பாதி வழியில் போட்டிருந்தாள்.

"அசதி பத்துக்கு எத்தனைம்மா?"

"ஏழு. உனக்கு?"

"எட்டு."

"அப்ப நீ படு, நான் வேலை பாக்குறேன்."

சிரித்துக்கொண்டே நடந்த தையல்காரம்மா நாற்காலி அருகே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா."

"எப்படி உக்கார்றது? அந்தம்மா உக்காந்திருக்காங்களே. பாவம், என்னைவிட அலுத்துப்போயிருக்காங்க."

நாற்காலியில் யாரும் இல்லை. எத்தனை சொல்லியும் தையல்காரம்மா அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றால் விழுந்துவிடுவாள். வேறு வழியில்லாமல் நர்ஸ் காலி நாற்காலியைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் எழுந்துக்கோங்க. இவங்க வீட்டுக்குப் போகணும்," என்றாள்.

அமுங்கிக் கிடந்த மெத்தை மெல்ல உப்பி மேலே வந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்று பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு தையல்காரம்மா உட்கார்ந்தாள். "சூடா இருக்கும்மா."

மறுநாள் நர்ஸ் மெத்தை வைத்த இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

தையல்காரம்மா அந்த வாரமே வீட்டுக்குப் போனாள். இப்போது பாதி நாள் தைக்கிறாள், பாதி நாள் படுத்திருக்கிறாள். நர்ஸ் வேறு வார்டுக்கு மாறிவிட்டாள். இரண்டாவது நாற்காலியின் மெத்தை இன்னும் அமுங்கியே இருக்கிறது.