பதினைந்து வருஷம்

பன்னிரண்டு ஜூரிகளில் பதினோரு பேர் கை தூக்கிவிட்டார்கள். மின்சார நாற்காலி.

கோவேறு கழுதை வியாபாரி க்ரேடி ஸ்டாலிங்ஸ் மட்டும் தூக்கவில்லை. புகையிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா க்ரேடி, தூங்கிட்டியா?" என்றார் ஜூரிகளின் தலைவர் வேடல். அந்த அலபாமா ஊரில் பஞ்சு ஆலை அவருடையது.

"முழிச்சிட்டுதான் இருக்கேன். விலை கட்டுமான்னு யோசிக்கறேன்."

"எதோட விலை?"

"லெமுவேலோட விலை."

எல்லாரும் சிரித்தார்கள். ஆகஸ்ட் வெயிலில் அறை வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரம் எல்லாருக்கும்.

வழக்கு இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை சாயந்திரம், மழை கொட்டும்போது, மளிகைக்கடைக்காரர் மண்டையில் கம்பியால் அடித்துவிட்டு எவனோ கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டான். அலபாமாவில் கொள்ளைக்கே மரண தண்டனை கொடுக்கலாம்; என்ன தண்டனை என்று முடிவு செய்வதும் ஜூரிகள்தான். முகம் தெரியவில்லை, உயரமான கறுப்பன் என்றார் கடைக்காரர். கழுதைகளுக்கு லாடம் அடிக்கிற லெமுவேல் பாய்கின் கறுப்பர், உயரமானவர். போதாதா?

அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கோர்ட்டில் கேட்டதற்கு, "நடந்துட்டு இருந்தேங்க" என்றார்.

"ரெண்டு மணி நேரமா? அந்த மழையிலயா?"

"ஆமாங்க."

அவருடைய வக்கீலே தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது க்ரேடி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செத்தவன் உனக்கு என்னய்யா தருவான், வேடல்? நம்ம ரோடெல்லாம் குண்டும் குழியுமா கிடக்கு. பஞ்சு வண்டி வாரத்துக்கு ஒண்ணு அச்சு முறியுது. கால்ல சங்கிலியப் போட்டு ரோடு வேலைக்கு அனுப்பு. அவன் தோளைப் பாத்திருக்கியா?"

"அவனென்ன கழுதையா, பல்லைப் பாத்து விலை பேசறதுக்கு?"

"கழுதையா இருந்தா நீ கொல்லச் சொல்லியிருக்க மாட்டியே. வேலைக்கு ஆகும்னு வெச்சிருப்ப."

மூலையில் இருந்த ஒருவன் கேட்டான்: "என்ன க்ரேடி, கறுப்பன் மேல திடீர்னு பாசம்?"

எல்லாரும் க்ரேடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னவர்களின் தொழுவம் தீப்பிடிக்கும்.

க்ரேடி எச்சில் கலத்தில் துப்பினார். "பாசமா? நல்ல சரக்கு வீணாப் போனா எனக்கு வயிறு எரியும். அவ்வளவுதான்."

மறுபடி சிரித்தார்கள். பேரம் படிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, நாப்பது வருஷம்" என்றார் வேடல்.

"பத்து. சட்டத்துல அதான் அடிமட்டம்."

"முப்பது. கடைக்காரன் என் மச்சினன்யா."

"மச்சினன் மண்டை ஆறிடுச்சு. நேத்து ஊர்கோலம் போற மாதிரி போய்ட்டிருந்தான். பன்னெண்டு."

"விளையாடறியா?"

"எனக்கு அவசரமில்ல. பொண்டாட்டி போய்ச் சேந்தாச்சு. வீட்ல எனக்காக யாரும் சோத்த வெச்சிட்டு உக்காந்திருக்கல. நாளைக்கு வரைக்கும் இப்படியே இருப்போமா?"

நாலு மணிக்குப் படிந்தது. பதினைந்து வருஷம்.

தீர்ப்பைப் படித்தபோது, கறுப்பர்கள் உட்காரும் மாடியில் யாரோ அழுதார்கள். லெமுவேல் ஜூரிகள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் லெமுவேலின் வக்கீல் ஓடிவந்து க்ரேடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள நடந்தது காதுக்கு வந்துது. இந்த ஊர்ல தைரியசாலின்னா நீங்கதான். ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க."

"போய்யா, வேலையப் பாத்துட்டு" என்றார் க்ரேடி. ஆனால் வீடு வரைக்கும் நிமிர்ந்தே நடந்தார்.

மறுநாள் காலை பின்வாசலில் யாரோ தட்டினார்கள். லெமுவேலின் மனைவி ஓசெல்லா.

"ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அவரைப் பாத்தேன், மிஸ்டர் க்ரேடி. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

"நன்றி எதுக்கு? நாற்காலியிலேருந்து இறக்கியாச்சுல்ல. பதினஞ்சு வருஷம் ஓடிப்போயிரும்."

"ஆமாங்க. அவருக்கு அம்பத்தி எட்டு ஆகுது."

க்ரேடி கதவைச் சாத்தப் போனார். அவள் நகரவில்லை.

"ஒரு சேதியும் சொல்லி அனுப்பினார். சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லு."

"திருட்டு நடந்த மறுநாள், ஞாயித்துக்கிழமை காலையில ஷெரிஃப் உங்ககிட்ட வந்து, நேத்து சாயந்திரம் லெமுவேல் இங்க வந்தானான்னு கேட்டாராம். யாரும் வரலைன்னு சொல்லிட்டீங்களாம். ஷெரிஃபே அவர்கிட்ட சொன்னாராம்."

க்ரேடியின் பார்வை அடுத்த வீட்டு வேலிப் பக்கம் போனது. "மெதுவாப் பேசு."

"அதுல அவருக்கு வருத்தம் இல்லைங்க. கடையில திருட்டுப் போனது அப்ப உங்களுக்குத் தெரியாது. ஷெரிஃப் வேற எதையோ விசாரிக்க வந்திருக்கார்னு பதறிட்டீங்க. சொன்ன வார்த்தைய அப்புறம் திருப்பி வாங்க முடியல. வெள்ளைக்காரர் ஒண்ணு சொல்லி நான் வேற சொன்னா கோர்ட்டுல எவன் நம்புவான்னு அவரும் வாயத் திறக்கல."

"இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாங்க. அந்தச் சனிக்கிழமை மழை விடற வரைக்கும் இந்தக் கறுப்பனோட ஒரே மேஜையில உக்காந்து மிஸ்டர் க்ரேடி சாப்பிட்டது பதினஞ்சு வருஷமானாலும் என் வாயால வெளிய வராது, அவரைப் பயப்படாம இருக்கச் சொல்லுன்னார்."