உடைத்துப் பார்த்தவர்

"தயங்காம உடைச்சிடுங்க மாப்பிள்ளை. அனுபவத்துல சொல்றேன்" என்றார் வெங்கட்ராமன், ஓரியோலின் இலையில் இன்னொரு வடையை வைத்தபடி.

ஓரியோல், அவர் மகள் ஹம்சாவுக்குப் போன வாரம் நிச்சயமான பையன். சிட்னியின் கெல்லிவில் பகுதியில் இருந்த மாமனார் வீட்டில் அவனுக்கு இதுதான் முதல் விருந்து. சொந்த ஊர் ஸ்பெயினின் காத்தலோனியா. ஹம்சாவுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவன்.

காத்தலோனியா தனி நாடாக வேண்டும் என்று கேட்கும் ஒரு கூட்டணிக்கு, அவனும் அவன் நண்பன் ஜோர்தியும் சேர்ந்து சிட்னியில் கிளை தொடங்கியிருந்தார்கள். இப்போது அங்கே கூட்டணி உடைந்து, ஒரு பாதி புதுப் பெயர் சூட்டிக்கொண்டுவிட்டது. சிட்னி கிளையிலும் நாளை வாக்கெடுப்பு. பிரிந்தால் முப்பத்தாறு பேரில் பாதிப் பேர் ஓரியோலோடு வருவார்கள். ஜோர்தி வர மாட்டான்.

"ஜோர்தி பத்து வயசுலேர்ந்து ஃபிரெண்ட், மாமா. அதான் தூக்கமே வரலை."

"எனக்கும் கோபாலகிருஷ்ணனுக்கும் காலேஜ்ல ஒரே ரூம். இங்க தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுல எனக்குன்னு பேசி வெச்ச வரவேற்புரையை, மேடையேறி அவன் பேசிட்டான். மறுநாளே சங்கத்தை விட்டு வெளியே வந்தேன். புதுப் பேரு, புது லோகோ, புது வெப்சைட். முத்தமிழ் ஐக்கியப் பேரவை!"

"லோகோவுல யாழ் போட்டிருக்கார். பார்த்தா தோசைக் கரண்டி மாதிரி இருக்கும்" என்றாள் அவர் மனைவி கிரிஜா.

"நீ சும்மா இரு. மூணு வருஷத்துல ஒரு தீர்மானம் தோத்ததில்ல மாப்பிள்ளை. எல்லாம் ஏகமனதா. பொதுக்குழுவுக்கு ஒருத்தர் வராம இருந்ததில்ல. பழைய சங்கத்துல கூட்டம் நடத்தத் தேவையான கோரமே சேராது!"

ஹம்சா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிரிஜா மேசைக்கடியில் மகளின் காலை மிதித்தாள்.

ஓரியோலின் முகம் தெளிந்தது. "அப்போ, பிரிஞ்சும் நல்லா வளரலாம்?"

"பின்னே? என்னைத் தலைவரேன்னுதான் கூப்பிடுறாங்க."

"மொத்தம் எத்தனை உறுப்பினர், மாமா?"

வெங்கட்ராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆரம்பிச்சப்போ நாலு பேர். நான் தலைவர், அத்தை செயலாளர், ஹம்சா துணைத் தலைவர், என் பையன் பிரசன்னா பொருளாளர்."

ஓரியோல் எழுந்து கை கழுவினான். போனை எடுத்து, "ஜோர்தி!" என்று தொடங்கித் தன் மொழியில் மடமடவென்று பேசினான்.

"நாளைக்கு ஓட்டெடுப்பே வேண்டாங்கிறார்ப்பா. சேர்ந்தே இருக்கலாமாம்" என்றாள், அவன் மொழியை ஓரளவு கற்றிருந்த ஹம்சா.

வெங்கட்ராமன் காதில் அது விழவில்லை.

"இப்போ மூணு பேர்தான். போன மாசம் பிரசன்னா பிரிஞ்சுபோய்த் தனியா ஒரு பேரவை ஆரம்பிச்சுட்டான்" என்றார், முகமெல்லாம் பூரிப்போடு. "என் பையனாச்சே!"