பூட்டு மேலே போகவில்லை

கையுறைக்குள் கோல்கீப்பரின் வலது சுட்டுவிரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது.

முதல் பாதியில் கம்பத்தில் மோதி உடைந்த விரல். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வெளியே உட்கார வேண்டும். மாற்றுக் கீப்பருக்கோ அன்று பார்த்துக் கல்யாணம். மாப்பிள்ளையை மேடையிலிருந்தா இழுத்து வர முடியும்?

ஆட்டம் சமநிலையில் முடிந்தால் புள்ளிக் கணக்கில் கோப்பை எதிரணிக்கு. கடைசி நிமிடங்கள். கார்னர் கிக் கிடைத்ததுதான் தாமதம், மொத்த அணியும் எதிரணியின் கோல் முன்னால் போய் மொய்த்தது.

பின்னால் மிச்சம் இரண்டே பேர். கோலில் இவன். நடுக்கோட்டில் தடுப்பாட்டக்காரரான முடிதிருத்தும் கடைக்காரர், ஊருக்கெல்லாம் ‘பூட்டு’.

பூட்டுக்கு இதுதான் கடைசி ஆட்டம். இத்தனை வருடத்தில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. ஒட்டகச்சிவிங்கி உயரம், அங்கே போய்ச் சும்மா தலையைக் காட்டினாலே போதும்.

“யோவ் பூட்டு, மேல போய்யா! கடைசி மேட்ச்சுலயாவது ஒண்ணு போடு!” கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

பூட்டு, பக்கத்தில் நின்ற எதிரணி ஓட்டக்காரனைக் கட்டைவிரலால் காட்டினார். “தம்பி போகலையே சார். இவரைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

கீப்பரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த ஓட்டக்காரன் தாண்டி வந்தால் தடுக்கக் கை இல்லை. கும்பிட்டுக் கெஞ்சலாம் என்றால் அதற்கும் இரண்டு கை வேண்டும்.

கார்னர் பறந்து வந்தது. எதிரணிக்காரன் ஒருவன் அதை நடுக்கோட்டுப் பக்கம் ஓங்கி உதைத்தான். ஓட்டக்காரன் சிட்டாகத் திரும்பினான்.

பூட்டு அதற்கு முன்பே கிளம்பியிருந்தார். உதைத்தவனின் காலைப் பார்த்தாரோ, தோளைப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம். ஓடக்கூட இல்லை, வாசலில் கிடக்கும் பேப்பரை எடுக்கப் போகிறவர் மாதிரி நடந்தார். பந்து இறங்கிய இடத்தில் அவர் நெஞ்சு இருந்தது.

அப்படியே திருப்பி அடித்தார். இன்னும் கலையாத கும்பலில் நின்ற சொந்த அணி பேக்கரி மாஸ்டரின் மூக்கில் பட்டு, பந்து கோலுக்குள் போனது.

எல்லோரும் மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள்.

பூட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கீப்பரைத் தவிர. இடைவேளைக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு தடவைகூட நடுக்கோட்டைத் தாண்டவில்லை. ஒரு பந்தைக்கூடப் பின்னால் இவனிடம் தள்ளவுமில்லை. அது அப்போதுதான் உறைத்தது.

கடைசி விசில் ஒலித்தது.

வழியில் எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டே வந்த பூட்டு, இவன் முன்னால் வந்ததும் நின்று, இடது கையை நீட்டினார்.